முகவையே நோயாளி: தானியங்கிக் குளுக்கோஸ் கிளாம்பை மேசையில் கட்டிப் பார்த்த பதிவு

முதலில் ஒன்று. இந்தக் கருவி மனிதரிலோ விலங்கிலோ தொடுப்பதற்கானது அல்ல. அரை லீற்றர் தாங்கற் கரைசல் (பிஎச் மாறாமல் தாங்கும் உப்புக் கரைசல்) நிற்கும் ஒரு கண்ணாடி முகவைதான் இங்கே நோயாளி. அனுசேப ஆய்வுகளில் குருதிக் குளுக்கோஸைத் தானாகவே ஒரு மட்டத்தில் பிடித்து வைக்கும் கருவிகள் எங்கெங்கே பிசகும் என்று பார்க்க, திருகோணமலையில் கடற்காற்று நேரே வந்து விழும் ஓர் அறையில் கட்டியது. உப்புக்காற்றும் மத்தியானச் சூடும் கரண்ட் போய்வருவதும் இந்தக் கதையில் சில்லறைப் பாத்திரங்கள் அல்ல.

கிளாம்ப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இன்சுலின் உடலில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க, அதை ஒரே வேகத்தில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். உடல் மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் நிமிடத்துக்கு 40 மில்லி அலகு என்பது வழக்கமான அளவு. குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காதபடி, 20% டெக்ஸ்ட்ரோஸை (குளுக்கோஸ் கரைசலை) இன்னொரு பம்பால் கூட்டியும் குறைத்தும் கொடுப்பார்கள். இரண்டு மணித்தியாலம் இப்படி ஓடியபின், கடைசி 30 நிமிடத்தில் எவ்வளவு குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்ததோ அதுதான் உடல் உள்ளெடுத்த அளவு. டிஃப்ரொன்சோ, டோபின், அண்ட்ரஸ் மூவரும் 1979 இல் எழுதிய கட்டுரைதான் இன்றைக்கும் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் இடம். கையால் செய்தால் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை குருதி எடுத்து, அளந்து, கணக்குப் போட்டு, பம்பைத் திருப்ப வேண்டும். அந்த ஆளின் வேலையைக் கருவிக்குக் கொடுக்கும் முயற்சிகள் அதற்கு முன்னமே தொடங்கிவிட்டன. 1974 இல் ரொறன்ரோவில் அல்பிசர் குழுவும் ஜேர்மனியின் உல்ம் நகரில் ஃபைஃபர் குழுவும் செயற்கைக் கணையங்களை அறிவித்தன. அதன்பின் மைல்ஸ் நிறுவனத்தின் பயோஸ்ராற்றர் வந்தது. யப்பானின் நிக்கிசோ கருவிகளும் ஜேர்மனியின் கிளாம்ப்ஆர்ட்டும் பிறகு வந்தவை. எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே: மாதிரி இழுக்கும் ரியூப், நொதிய மின்வாய், கணக்குப் போடும் பெட்டி, குளுக்கோஸ் பம்ப்.

இந்த நான்கில் கணக்குப் போடும் பெட்டிதான் எல்லோருக்கும் பிடித்த பகுதி. மேசையில் எங்களை ஆகக் குறைவாக அலைக்கழித்ததும் அதுதான்.

நோயாளியைக் கட்டுதல்

ஒரு லீற்றர் முகவையில் 500 மி.லீ. கோட்டில் ஓர் உறிஞ்சு ரியூபின் நுனியைப் பிடித்து இறுக்க வேண்டும். உறிஞ்சும் பம்ப், உள்ளே வரும் மொத்த ஓட்டத்தைவிட வேகமாக ஓடட்டும். மட்டம் கோட்டுக்கு மேலே வந்தால் தண்ணீரை இழுக்கும், கீழே போனால் வெறும் காற்றை இழுக்கும். கண்ணாடியில் துளை போடாமலே கனவளவு மாறாது நிற்கும். அடியில் காந்தக் கலக்கி.

உடல் குளுக்கோஸை உள்ளெடுப்பதற்குப் பதிலாக இங்கே ஒரு பம்ப் வெறும் தாங்கற் கரைசலை நிமிடத்துக்கு 10 மி.லீ. வீதம் ஊற்றிக் கழுவுகிறது. அதை 20 ஆக்கினால் இன்சுலின் வேலை செய்யத் தொடங்கியதற்குச் சமன். 10 இல் முகவையின் நேர மாறிலி (கழுவப்பட்டுக் குளுக்கோஸ் 37% ஆகக் குறைய எடுக்கும் நேரம்) 50 நிமிடம், 20 இல் 25 நிமிடம்.

எவ்வளவு குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிவதுதான் முகவை நோயாளியின் பெருமை. 4% கரைசலில் மி.லீ. ஒன்றுக்கு 40 மி.கி. இருக்கிறது. முகவையில் 90 நிற்க, கழுவும் ஓட்டம் 10 என்றால் மணித்தியாலத்துக்கு 13.8 மி.லீ. ஏற்ற வேண்டும், 20 என்றால் 27.6. குளுக்கோஸ் பம்பின் சொந்த ஓட்டமும் முகவையைக் கழுவுகிறது என்பதை இந்தக் கணக்கில் மறந்தால் 4% கரைசலில் விடை 2% அளவு குறையும், 2% கரைசலில் கிட்டத்தட்ட 5% குறையும். கருவி தரும் எண் இந்த விடையோடு ஒத்து வராவிட்டால் பிழை கருவியில்தான். மனிதரில் இப்படி ஒரு விடைத்தாள் கிடையாது.

தொடக்கத்தில் 2% கரைசல்தான் வைத்தோம். பம்ப் வேகமாக ஓடும், ஓட்டமும் சீராக இருக்கும் என்ற எண்ணம். 50 மி.லீ. சிரிஞ்ச் பாதி ஓட்டத்தில் தீர்ந்துவிட்டது. மாற்றி, காற்றை வெளியேற்றி, சிரிஞ்சைத் தள்ளும் நூற்கம்பியை (புரி வெட்டிய கம்பியை) பின்னுக்குச் சுழற்றி முடிக்க 4 நிமிடம் போனது. கழுவும் ஓட்டம் 20 ஆக இருக்கும்போது 4 நிமிடம் குளுக்கோஸ் இல்லாவிட்டால் 90 இலிருந்து 77 க்கு இறங்கும். 4% ஆக்கியபின் 10 இல் ஒரு மணித்தியாலமும் 20 இல் ஒரு மணித்தியாலமும் சேர்த்து 41 மி.லீ. போதும், ஒரு சிரிஞ்ச் முழு ஓட்டத்துக்கும் காணும்.

37 பாகையைப் பிடிக்க மீன்தொட்டி ஹீற்றர் வாங்கிப் பயனில்லை. பெரும்பாலானவை 34 இல் நின்றுவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் அறையே 33 இல் இருக்கும், ஹீற்றர் எரியவே மாட்டாது. பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் இலவசமாகச் சூட்டோடு கிடக்கின்றன என்ற பகிடி ஒவ்வொரு நாளும் கேட்டது. கடைசியில் முகவையைப் பெரிய நீர்ச்சட்டி ஒன்றுக்குள் இறக்கி, தனி வெப்பநிலைக் கட்டுப்படுத்தியோடு 100 வோற் ஹீற்றர் போட்டோம். உணரியை முகவைக்குள் வைக்காமல் சட்டி நீரில் வைத்தால்தான் மிகைச்சூடு வராது.

கரைசல்கள்: பாதிப் பிழை இங்கேதான்

தாங்கற் கரைசல் ஓர் ஓட்டத்துக்கு 3 லீற்றர் வேண்டும். லீற்றருக்கு சோடியம் குளோரைட்டு 8 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.2, நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொஸ்பேற்று 1.44, பொற்றாசியம் இருஐதரசன் பொஸ்பேற்று 0.24, பிஎச் 7.4. காய்ச்சி வடித்த நீர்தான் பாவிக்க வேண்டும். கிணற்று நீரில் கரைத்தால் அதிலுள்ள கல்சியம் பொஸ்பேற்றோடு சேர்ந்து வெள்ளையாகக் கலங்கும். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஒரு மில்லிமீற்றர் ரியூப் அடைத்துக்கொள்ளும். குளோரைட்டைக் குறைக்கக் கூடாது, ஒப்பீட்டு மின்வாய் அதை நம்பித்தான் நிற்கிறது.

குளுக்கோஸில் மூன்று கண்ணிகள்.

ஒன்று, நீர். போத்தலில் நீரற்ற குளுக்கோஸ் என்றால் லீற்றருக்கு 40 கிராம். ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த மொனோஹைட்ரேற் என்றால் 44 கிராம். லேபிளைப் பார்க்காமல் 40 நிறுத்துவிட்டால் எல்லா விடையும் 9% பிசகும், கருவி மட்டும் மிக அழகாக ஓடுவதுபோல் தெரியும். ஆஸ்பத்திரி டெக்ஸ்ட்ரோஸ் பைகளிலும் இதே சிக்கல் உண்டு. சில நாடுகளின் லேபிள்களில் மொனோஹைட்ரேற்றைக் கணக்கிடுவார்கள், சிலவற்றில் நீரற்றதை. இரண்டு ஆய்வறைகளின் கிளாம்ப் எண்களை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இரண்டு, முதிர்ச்சி. பளிங்காக இருக்கும் குளுக்கோஸ் பெரும்பாலும் அல்பா வடிவம். குளுக்கோஸ் ஒட்சிடேசு நொதியம் தொடுவது பீற்றா வடிவத்தை. கரைந்தபின் மெல்ல மெல்ல 36:64 என்ற சமநிலைக்கு வரும். காலையில் கரைத்து உடனே அளவுத்திருத்தம் செய்தால் மின்வாய் குறைத்துக் காட்டும், பிறகு மணித்தியாலக் கணக்கில் தானாக ஏறிக்கொண்டே போகும். மின்வாய் நகர்கிறது என்று நினைத்துச் சவ்வை மாற்றிவிடுவீர்கள், நகர்வது கரைசல். முதல் நாள் மாலையில் கரைத்து, இரண்டு மணித்தியாலம் மேசையில் விட்டு, பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இந்தச் சூட்டில் இரவு முழுக்க வெளியில் விட்டால் நுண்ணுயிர்கள் விருந்து வைத்துவிடும்.

மூன்று, கடைக் குளுக்கோஸ். பலசரக்குக் கடையில் பெட்டியில் விற்கும் குளுக்கோஸ் தூளில் பலவற்றுக்கு உயிர்ச்சத்து சி சேர்த்திருப்பார்கள். அஸ்கோபிக் அமிலம் பிளாற்றினத்தில் தானும் ஒட்சியேறி மின்னோட்டத்தைக் கூட்டும். அதே நேரம் நிறமானி முறையில் நிறம் வராமல் தடுக்கும். மின்வாய் கூடக் காட்ட, நிறமானி குறைத்துக் காட்ட, இரண்டும் எதிர்த்திசையில் பிரிந்தால் வேறு இடத்தில் தேட வேண்டாம்.

ஒப்பீட்டு அளவீடு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. சாதாரண ஆய்வுகூடங்களில் உள்ள ஜிஓடி-பிஏபி என்ற நிறமானி முறையே போதும். 10 மைக்ரோலீற்றர் மாதிரி, 1 மி.லீ. வினைபொருள், 37 பாகையில் 10 நிமிடம், 505 நனோமீற்றரில் வாசிப்பு. விரல்குத்தி அளக்கும் குளுக்கோமீற்றரை இதற்குப் பாவிக்க வேண்டாம். அதன் பட்டி செங்குழியங்கள் உள்ள குருதிக்காகச் செய்தது. வெறும் தாங்கற் கரைசலில் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. குருதியிலும் குளுக்கோமீற்றருக்கான ஐஎஸ்ஓ 15197 நியமம் 100 க்குக் கீழே 15 மி.கி. வரை விலகலை அனுமதிக்கிறது. மாறற் குணகம் (சராசரியைச் சுற்றிய ஏற்ற இறக்கம்) 5% க்குள் இருக்க வேண்டிய கிளாம்புக்கு அது எப்படிக் காணும்?

மின்வாயும் ஈரக்காற்றும்

0.5 மில்லிமீற்றர் பிளாற்றினக் கம்பியை எபொக்சியில் பதித்து, நுனியைத் தட்டையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டுக் கம்பி. ஒரு மி.லீ. தாங்கற் கரைசலில் 10 மி.கி. குளுக்கோஸ் ஒட்சிடேசும் 50 மி.கி. மாட்டு அல்புமினும் கரைத்து, 2.5% குளுற்றரல்டிகைட்டு 100 மைக்ரோலீற்றர் கலந்து, உடனே 3 மைக்ரோலீற்றரை நுனியில் விட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் குழாயிலேயே இறுகிவிடும். குளுற்றரல்டிகைட்டின் ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும். கையுறையும் திறந்த யன்னலும் கட்டாயம், காற்றாடி முகத்துக்கு நேரே வேண்டாம். ஒரு மணித்தியாலம் உலர்ந்தபின் மேலே பொலிகாபனேற் சவ்வு போட்டு ஓ வளையத்தால் இறுக்குங்கள்.

மின்வாய் அளப்பது குளுக்கோஸை அல்ல, நொதியம் விடும் ஐதரசன் பேரொட்சைட்டை. 0.65 வோல்ற்றில் அது பிளாற்றினத்தில் ஒட்சியேறும். அந்தத் தாக்கத்துக்கு ஒட்சிசன் வேண்டும், அங்கேதான் முடிச்சு. 37 பாகையில் காற்றோடு நிறைந்த நீரில் ஒட்சிசன் ஏறக்குறைய 0.21 மில்லிமோல்தான், 90 மி.கி. குளுக்கோஸ் என்பது 5 மில்லிமோல். நேரே விட்டால் செறிவு கூடக்கூட வாசிப்பு வளைந்து தட்டையாகிவிடும். அதனால் மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கியே மின்வாய்க்கு அனுப்ப வேண்டும். 50, 100, 200, 400 என்று நான்கு நியமக் கரைசல்களை விட்டு வரைபு நேர்கோடாக வருகிறதா என்று பாருங்கள். 400 மட்டும் கீழே விழுந்தால் வெளிச்சவ்வை இரட்டிப்பாக்குங்கள்.

எங்கள் மின்வாய் 90 இல் தந்தது 20 நனோ அம்பியர் அளவு. எல்எம்சி6482 ஒப்-அம்ப் (சைகையைப் பெருக்கும் சில்லு), 10 மெகா ஓம் தடையி, வெளியீடு 200 மில்லிவோல்ற், அதை எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 மாற்றி. சுற்றுவரைபடம் எங்கும் கிடைக்கும், அதை இங்கே வரையத் தேவையில்லை. எங்கும் கிடைக்காதது கடற்கரையில் அது நடந்துகொள்ளும் விதம். பலகையில் உப்புப் படலம் ஒன்று படியும். வாடைக்காற்றுக் காலத்தில் மார்கழி மழையோடு அது ஈரத்தைக் குடிக்கும். மின்வாய்க் கம்பிக்கும் பக்கத்துத் தடத்துக்கும் இடையில் 1000 மெகா ஓம் கசிவு வந்தாலே 0.65 நனோ அம்பியர் சேர்ந்துவிடும். அது 3% பிழை. காலையில் சரியாக இருந்து, பிற்பகல் கதவைத் திறந்ததும் வாசிப்பு ஏறினால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மின்வாய் வரும் ஒப்-அம்ப் முனையைப் பலகையில் பற்றவைக்காமல் காற்றிலே தொங்கவிட்டுத் தடையியோடு நேரே இணைத்தோம். சுற்றிவர ஒரு காப்பு வளையம் கீறி, அதை ஒப்-அம்பின் மற்ற உள்ளீட்டின் அழுத்தத்தில் வைத்தோம். ஐசோபுரோப்பைல் அற்ககோலால் கழுவி, இரவு முழுக்கச் சிலிக்கா ஜெல் டப்பாவில் உலர்த்தி, பிறகுதான் வார்ணிஷ் பூசினோம். கழுவாமல் வார்ணிஷ் பூசுவது உப்பைப் பூட்டி வைப்பதற்குச் சமன். முதற் பலகை அப்படித்தான் போனது.

ரியூப்

மேசையில் எல்லாம் கைக்கு எட்டும்படி அழகாக அடுக்கியிருந்தோம். அதனால் முகவையிலிருந்து மின்வாய்க்கு 1.2 மீற்றர் ரியூப். உள்விட்டம் 1 மில்லிமீற்றர், கொள்ளளவு 0.94 மி.லீ., மாதிரி ஓட்டம் நிமிடத்துக்கு 0.5 மி.லீ. கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 1.9 நிமிடம் பழைய செய்தி. மின்வாயும் மெதுவாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். கருவி மூன்று நிமிடத்துக்கு முந்திய முகவையைப் பார்த்து இப்போதைய பம்பைத் திருப்புகிறது. பின்னூட்டத்தைக் கொஞ்சம் கூட்டியதும் 12 நிமிடத்துக்கு ஒரு அலை. 90 ஐச் சுற்றி ஏறி இறங்கி நிற்கவே மாட்டேன் என்றது. மென்பொருளில் இரண்டு நாள் தேடினோம். அலையின் காலம் தாமதத்தின் நான்கு மடங்கு என்பது கட்டுப்பாட்டுப் பாடத்தின் பழைய விதி. 12 ஐ 4 ஆல் பிரித்திருந்தால் முதல் நாளே ரியூபைப் பார்த்திருப்போம்.

ரியூபைக் குறைக்க ஒரு கெட்டித்தனம் தோன்றியது. ஐதாக்கும் இடத்தை முகவைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனால் அதற்குப் பிறகு ஓட்டம் நிமிடத்துக்கு 5 மி.லீ. ஆகிவிடும், அதே 1.2 மீற்றரை 11 விநாடியில் கடந்துவிடும். செய்தோம். தாமதம் போனது, அளவுத்திருத்தமும் போனது. ஏனென்றால் இப்போது பின்னால் ஒரு பம்ப் 5.0 இழுக்கிறது, முன்னால் ஒரு பம்ப் 4.5 தாங்கற் கரைசல் தள்ளுகிறது, மாதிரி வருவது இந்த இரண்டின் வித்தியாசமாக. இழுக்கும் பம்ப் 2% சோர்ந்தால் 0.1 மி.லீ. குறையும், மாதிரியில் அது 20%. சிலிக்கோன் ரியூப் உருளைகளுக்குக் கீழே நசுங்கி நசுங்கி 2% சோர்வது ஒரு பிற்பகலில் நடக்கிற காரியம், அதுவும் 33 பாகையில்.

கடைசியில் நின்றது எளிமையான வழி. மின்வாயையும் மாதிரிப் பம்பையும் முகவையின் விளிம்புக்கே தூக்கிக்கொண்டு போய், ரியூபை 30 சென்ரிமீற்றராக வெட்டினோம். ரியூப் தாமதம் 28 விநாடி. மாதிரி ஓட்டத்தை அதற்கென்றே உள்ள பம்ப் அளக்கிறது, வித்தியாசத்தை நம்பவில்லை. மாதிரியும் ஐதாக்கும் கரைசலும் ஒரே பம்ப் தலையில் இரண்டு பருமன் ரியூப்களில் ஓடுவதால், மோட்டர் வேகம் மாறினாலும் விகிதம் மாறாது. மேசை அலங்கோலமாக இருக்கிறது, பரவாயில்லை.

குமிழியும் ரியூபின் குழந்தைதான். குளிர்ந்த தாங்கற் கரைசல் உள்ளே சூடாகும்போது கரைந்திருந்த காற்று வெளியே வரும். ஓட்டத்துக்கு முன் கரைசலை 40 பாகைக்கு மேல் சூடாக்கி, கலக்கி, ஆறவிட்டால் பாதிக் குமிழி குறையும். மீதிக்கு மின்வாய்க்கு முன்னால் மேல்நோக்கிய ஒரு டி இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பைத் தராசில் நம்புதல்

சிரிஞ்ச் பம்ப் என்பது படிப்படியாகச் சுற்றும் நெமா 17 மோட்டரும் 1.25 மில்லிமீற்றர் புரியிடை கொண்ட எம்8 நூற்கம்பியும். சிரிஞ்சின் உள்விட்டத்தை வேர்னியரால் நீங்களே அளக்க வேண்டும், பெயருக்குப் பெயர் மாறும். எங்களுடையது 29.1 மில்லிமீற்றர், மணித்தியாலத்துக்கு 13.8 மி.லீ. என்றால் நிமிடத்துக்கு 0.35 மில்லிமீற்றர் நகர்வு. இவ்வளவு மெதுவாக ஓடும்போது இறப்பர் முனை ஒட்டி ஒட்டித்தான் விடும். பம்பைத் தொடங்கி, திசை மாற்றாமல், நூற்கம்பியின் தளர்ச்சி எடுபடும்வரை 2 மி.லீ. வெளியேற்றிய பிறகே முகவைக்குத் திருப்புங்கள். சரிபார்க்க 10 நிமிடத் துளிகளை மூடியுள்ள போத்தலில் பிடித்து நிறுக்க வேண்டும், 2.3 கிராம் வர வேண்டும். மூடி இல்லாமல் காற்றாடிக்குக் கீழே பிடித்தால் ஆவியாகி, பம்ப் குறைத்து விடுகிறது என்று வீணாகத் திருத்துவீர்கள்.

தாங்கற் கரைசல் போத்தலையே ஒரு சுமைக்கல உணரியின் மேல் வைத்து எடை இறங்குவதைப் பதிவதுதான் இந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த செலவு. மோட்டர் எத்தனை படி சுற்றியது என்பது கட்டளை மட்டுமே. எவ்வளவு போனது என்பதற்குத் தராசுதான் சாட்சி.

பின்னூட்டம்

இப்போதைய விலகலுக்கேற்பத் திருத்தும் விகிதமும், சேர்ந்துவந்த விலகலுக்கேற்பத் திருத்தும் தொகையீடும் மட்டும். விலகல் மாறும் வேகத்தைப் பார்க்கும் வகையீடு போட்டால் மின்வாயின் இரைச்சலைப் பம்புக்குக் கொடுக்கும். 4% கரைசல், 500 மி.லீ. என்றால், நிமிடத்துக்கு 1 மி.லீ. ஏற்றம் நிமிடத்துக்கு 7.8 மி.கி./டெ.லீ. உயர்வு தரும். மொத்தத் தாமதம் 2 நிமிடம் என்று கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொண்டால், ஒரு மி.கி./டெ.லீ. விலகலுக்கு மணித்தியாலத்துக்கு 1.9 மி.லீ., தொகையீட்டு நேரம் 16 நிமிடம். பழைய நீள ரியூபோடு இது 1.3 உம் 24 நிமிடமுமாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் 4 வைத்திருந்தோம், அலை வராமல் என்ன செய்யும்?

பம்ப் மணித்தியாலத்துக்கு 0 க்கும் 60 மி.லீ. க்கும் வெளியே போகாதபடி எல்லை போட்டு, எல்லையைத் தொட்டதும் தொகையீட்டை நிறுத்த வேண்டும். சிரிஞ்ச் மாற்றும்போதும் அளவுத்திருத்தத்தின்போதும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த 4 நிமிடப் பள்ளத்தின் கோபத்தைச் சேர்த்து வைத்து, பிறகு 100 க்கு மேலே ஏற்றிவிடும்.

கருவியின் பொய்யைப் பிடிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. கழுவும் ஓட்டம் 20, குளுக்கோஸ் பம்ப் முற்றாக நின்றாலும் 90 இலிருந்து நிமிடத்துக்கு 3.6 க்கு மேல் இறங்க முடியாது. 5 க்கு மேல் இறங்கினால் இறங்கியது முகவை அல்ல, மின்வாய். குமிழியாக இருக்கும். அந்த நேரம் பம்பைப் பழைய வேகத்திலேயே பிடித்து வைத்து மணி அடிக்கச் சொல்லியிருக்கிறோம். பிழையின் திசையையும் யோசிக்க வேண்டும். குறைத்துக் காட்டும் மின்வாய் குளுக்கோஸைக் கூட்டும், அது ஆய்வைக் கெடுக்கும். கூட்டிக் காட்டும் மின்வாய் குளுக்கோஸை நிறுத்தும், இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கும் மனிதரில் அது உயிரைக் கெடுக்கும். உண்மையான கிளாம்பில் மருத்துவர் பக்கத்தில் இருப்பதும், தனிக் கருவியில் இடைக்கிடை குருதி பார்ப்பதும், பொற்றாசியத்தைக் கவனிப்பதும் இதனால்தான். தானியங்கி என்ற சொல் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புவதில்லை.

கரண்ட் போனால் மோட்டர் நிற்பது சிறிய விடயம். மின்வாயின் 0.65 வோல்ற் போய்வந்தால் பிளாற்றினம் மீண்டும் அமைதியாக அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், அந்த ஓட்டம் முடிந்தது. ஆகவே மின்வாய் மின்னழுத்தத்துக்கும் ஒப்-அம்புக்கும் தனி பற்றரி, ஒருபோதும் நிறுத்துவதில்லை. மற்றதற்கு 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி. தொகையீட்டு மதிப்பை கணக்குப் போடும் ஆடுயினோ நுண்கணினிப் பலகையின் நிலை நினைவகத்தில் நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதலாம். ஆனால் ஒரே இடத்தில் எழுதினால் அதற்கு உத்தரவாதமுள்ள ஒரு இலட்சம் தடவை 69 நாளில் தீர்ந்துவிடும். இடத்தை மாற்றி மாற்றி எழுதுங்கள்.

ஓடியபோது

10 இல் ஒரு மணித்தியாலம், பிறகு ஒரே அடியாக 20. முகவை 6, 7 மி.கி. இறங்கி, அடுத்த அரை மணித்தியாலத்துக்குள் திரும்பியது. கடைசி 30 நிமிடம் நிறமானியில் 87 க்கும் 93 க்கும் இடையில் நின்றது. ஏற்றிய அளவு விடைத்தாளுக்கு 3% கிட்டத்தில். இந்த 3% ஐக் குறைக்க மென்பொருளில் இனிச் செய்ய ஒன்றுமில்லை. மின்வாயை 30 நிமிடத்துக்கு ஒரு தடவை 50 இலும் 150 இலும் திருத்துவதுதான் வழி.

கடைசி எண்ணை எழுதும்போது மட்டம் நகர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். 20 நிமிடத்தில் 5 மி.கி. ஏறியிருந்தால், 500 மி.லீ. முகவையில் 25 மி.கி. தேங்கிவிட்டது. நிமிடத்துக்கு 1.25 மி.கி. கழிக்க வேண்டும். மனிதரில் குளுக்கோஸ் பரவும் இடத்தைக் கிலோவுக்கு 0.19 லீற்றர் என்று எடுத்து இதே கணக்கைச் செய்வார்கள். அதே 5 மி.கி. நகர்வு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.475 மி.கி. ஆகிவிடும். இன்சுலின் எதிர்ப்பு உள்ளவரில் மொத்த எண்ணே சிறியதாக இருக்கும்போது இது சின்னத் திருத்தம் அல்ல.

முகவை காட்டாதவையும் உண்டு. இங்கே 10 இலிருந்து 20 க்கு ஒரு நொடியில் தாவுகிறோம், உடலில் இன்சுலின் வேலை ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக மெல்ல ஏறும். ஈரல் இடையில் தன் பங்குக்குக் குளுக்கோஸ் விடும். நாளக் குருதியை நாடிக் குருதிக்குக் கிட்டக் கொண்டுவரக் கையைச் சூட்டுப் பெட்டியில் வைக்கும் வேலை இங்கே இல்லை. மாதிரியாக இழுக்கும் நிமிடத்துக்கு அரை மி.லீ. முகவைக்கு ஒன்றுமில்லை, மனிதரில் 6 மணித்தியாலம் ஓடினால் 180 மி.லீ. குருதி, ஐதாக்கியதைத் திருப்பி ஏற்றவும் முடியாது.

ஓட்டம் முடிந்ததும் எல்லா ரியூபிலும் காய்ச்சி வடித்த நீரை 10 நிமிடம் விட்டு, உருளைகளிலிருந்து ரியூபைக் கழற்றித் தளரவிடுங்கள். இரவு முழுக்க நசுங்கிக் கிடந்த இடம் அடுத்த நாள் ஓட்டத்தைக் குறைக்கும். மின்வாயைத் தாங்கற் கரைசலில் முக்கி, பற்றரியைக் கழற்றாமல், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறியிருந்தால் அடுப்பில் வறுத்துத் திரும்பப் போடுங்கள். இந்த ஊரில் அது வாரத்துக்கு ஒரு தடவை.